வீட்டுக்குள் ஓடிய சைக்கிள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த இயந்திரத்தைக் கண்டாலும் அது ஏன் ஓடுகிறது, ஏன் ஓடவில்லை என்று கேட்காமல் விடமாட்டேன். தண்ணீர்ப் பம்பு திருத்துவது என் தொழில். வீடு உருத்திரபுரத்தில், பட்டறை பளையில். பம்பின் சத்தத்தை வைத்தே பெயாரிங் போய்விட்டதா, காற்று இழுக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இப்படிப்பட்ட நான், என் மனைவி சைக்கிளிலிருந்து ஏன் விழுந்தாள் என்பதை மட்டும் இரண்டு மாதமாகக் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்ததும் நான் அல்ல.

அவள் பெயர் ஜெகதீஸ்வரி. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009இல் போரில் போனது. பொய்க்கால் போட்டுக்கொண்டு நடப்பாள், வரம்பு தாண்டுவாள், கிணற்றில் தண்ணீர் அள்ளுவாள். சேலை கட்டி நின்றால் தெரியாதவர்களுக்குத் தெரியாது. சைக்கிள் மட்டும் அதற்குப் பிறகு ஓடியதில்லை. போக வேண்டிய இடமெல்லாம் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்துதான் போனாள். அது எனக்கும் பிடித்திருந்தது. இதை அப்போது நான் யாருக்கும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

கார்த்திகை தொடக்கத்தில் அவளுக்கு ஒரு வேலை வந்தது. வாய்க்கால் றோட்டின் முடிவில், நாலு கிலோமீற்றர் தள்ளி ஒரு முன்பள்ளி. அங்கே ஆசிரியை. பயிற்சியை முடித்துவிட்டு மூன்று வருடம் அவள் காத்திருந்த வேலை அது. முன்பள்ளிக் குழுவின் தலைவி சிவலட்சுமி அக்கா வீட்டுக்கே வந்து சொன்னார்.

"தையிலை தவணை தொடங்கும். ஒவ்வொரு நாளும் ஏழரைக்கு நீங்கள்தான் வந்து கதவு திறக்கவேணும். வந்துபோக வழி இருக்கோ எண்டு பொங்கலுக்குப் பிறகு சொல்லுங்கோ. இல்லாட்டி அடுத்த பிள்ளைக்குக் குடுக்கவேண்டி வரும். குறை நினையாதேங்கோ."

ஏழரைக்கு நான் பளையில் நிற்க வேண்டும். அந்த றோட்டில் பஸ் இல்லை. ஒவ்வொரு நாளும் ஓட்டோ பிடித்தால் சம்பளம் ஓட்டோக்காரனுக்கே போய்விடும். ஸ்கூட்டி வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை.

"சைக்கிள்தான்," என்றாள் ஜெகா.

மீள்குடியேறிய காலத்தில் நிவாரணமாகக் கிடைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்று கொட்டிலில் கிடந்தது. அதைத் துடைத்து, ரயர் மாற்றி, எண்ணெய் விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை றோட்டுக்குக் கொண்டுபோனோம். நான் பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டேன். உலகத்தில் எல்லோரும் ஏறுவதைப்போல அவளும் ஏறினாள். வலது காலை உள்ளே விட்டுப் பெடலில் வைத்தாள். மற்றக் காலால் உன்னினாள். உன்னியதுதான் தெரியும், சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், கரியரைப் பிடித்தபடி நான் நடுவில்.

சங்கக்கடையிலிருந்து வந்த சனம் பார்த்துக்கொண்டு நின்றது. யாராவது சிரித்திருந்தால் அவள் எழும்பி இரண்டு பேச்சுப் பேசியிருப்பாள். "ஐயோ பாவம்" என்றார்கள். அதுதான் அவளுக்குச் சுட்டது. பொய்க்கால் பொருந்துகிற இடத்தில் தோல் கண்டிப்போய், ஒரு கிழமை காலைப் போடமுடியாமல் இருந்தாள்.

"சனத்துக்கு முன்னாலை இனிப் பழகமாட்டன்," என்றாள். "வீட்டுக்குள்ளை பழகிப்போட்டுத்தான் றோட்டுக்கு வருவன்."

வீட்டுக்குள் சைக்கிள் ஓடுவதா என்று நான் கேட்பதற்கிடையில் மகள் யதுர்ஷிகா போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதில் வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டு அறைக்குள் வியர்க்க வியர்க்க மிதித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் இருந்த இடத்தை விட்டு ஓரங்குலம் அசையவில்லை. வெளியே பனி கொட்டியது. எங்களுக்குப் பனி இல்லாவிட்டாலும் மழை இருந்தது. இரணைமடுக் குளம் நிரம்பிக்கொண்டிருந்தது, வாய்க்கால் றோட்டு சேறு.

"இதுக்குப் பேர் ட்ரெயினர், அப்பா."

"இதுக்கு ஏன் காசு? எங்கடை சைக்கிளிலை ஸ்ராண்ட் இருக்கெல்லோ. கையிலை வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு அலையிறதோ?"

நான் சொன்னதில் நியாயம் இருந்தது. யுத்தத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைப் பின்சில்லு தூக்கி நிற்கிற இரட்டை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவை ரயரோடு முட்டவிட்டு, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் றேடியோ கேட்ட சனம் நாங்கள். ஜெகா தன் வீட்டில் மிதிக்கிற ஆளாக இருந்தவள். செய்தி முடிவதற்குள் கால் ஓய்ந்தால் வாசிக்கிறவரின் குரல் இழுபட்டுச் செத்துவிடுமாம், தகப்பன் கத்துவாராம். வன்னியில் எந்த வீட்டிலும் இந்த ட்ரெயினர் எப்போதோ இருந்தது, பெயர்தான் தெரியாமல் இருந்தது என்று மகளுக்கு ஒரு பிரசங்கமே வைத்தேன்.

அன்றைக்கே விறாந்தையில் நிறுத்தினோம். டைனமோவும் பூட்டினேன். ஜெகா என் தோளைப் பிடித்து ஏறி மிதித்தாள். பின்சில்லு காற்றில் விர்ரென்று சுற்றியது. எதிர்ப்பே இல்லாத சில்லு, பொய்க்காலை விடக் கெதியாகப் பெடல் ஓடியது. கால் நழுவியது. அந்த ஆட்டத்தில் ஸ்ராண்ட் மடிந்து சைக்கிள் முன்னால் பாய, நான் அவளைப் பிடித்தேன், தண்ணீர்க் குடத்தைப் பிடிக்க ஆள் இல்லை.

"றேடியோவுக்கு இது காணும்," என்றாள், நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டு. "எனக்குக் காணாது."

அப்போதுதான் எனக்கு உண்மையான ஆவல் பிடித்தது. எதிர்ப்பு வேண்டும், ஆனால் சில்லோடு சேர்ந்து கூடிக் குறைகிற எதிர்ப்பு. அதை எப்படிச் செய்கிறார்கள்? மூன்று இரவுகள் மகளின் போனை நான் விடவில்லை. கையில் இருந்தது முப்பதாயிரம், பழைய பம்பு ஒன்று விற்ற காசு. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று ஜெகா முதலிலேயே கோடு கீறிவிட்டாள்.

உயர்ந்த சாதி ட்ரெயினர் ஒன்று இருக்கிறது. பின்சில்லைக் கழற்றிவிட்டுச் செயினை நேரே அதில் பூட்ட வேண்டும். அது கொம்பியூட்டரோடு கதைக்கும், மலை ஏறுவதுபோலத் தானே இறுகும். அதன் விலைக்கு நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கலாம். பிறகு உருளை. மூன்று உருளைகளுக்கு மேல் சைக்கிளைச் சும்மா வைத்துவிட்டு ஓட வேண்டும், பிடிக்க எதுவும் இல்லை. விளம்பரத்தில் ஓடிக்காட்டிய ஆளே ஒருமுறை சுவரைப் பிடித்தார். காற்றாடி பூட்டியது ஒன்று மலிவாக இருந்தது, ஆனால் அதன் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போகும். கிளிநொச்சியில் ஒரு கடையில் உடற்பயிற்சிச் சைக்கிளும் எங்கள் காசுக்குள் கிடந்தது. நான் அதற்கே சரிந்துவிட்டேன்.

"அது சைக்கிள் இல்லை," என்றாள் ஜெகா. "அதின்ரை சீற்றுக்கும் பெடலுக்கும் பழகி நான் எங்கை போறது? முன்பள்ளிக்கு அதிலையோ போறது? என்ரை சைக்கிளை நிறுத்திற சாமான் வேணும்."

மிஞ்சியது காந்தம் பூட்டியது. இரும்புச் சட்டம் பின் அச்சை இரு பக்கமும் கவ்வித் தூக்கிப் பிடிக்கும், ரயர் ஒரு சின்ன உருளையில் உராயும், உருளையின் மற்ற நுனியில் அலுமினியத் தட்டு, தட்டைச் சுற்றிக் காந்தங்கள். அலுமினியத்தைக் காந்தம் ஒருநாளும் இழுக்காது. ஆனால் தட்டுச் சுழலத் தொடங்கினால் காந்தம் அதைத் தடுக்கும், எவ்வளவு கெதியாகச் சுழல்கிறதோ அவ்வளவு தடுக்கும். கரண்ட் தேவையில்லை. மழைக்கு எங்கள் ஊரில் கரண்ட் நிற்கிற நிலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும். புதிதாக வாங்கக் கட்டாது. பேஸ்புக்கில் மகள் தேடிப் பிடித்தாள், வவுனியாவில் ஒரு பெடியன் விற்கிறான், பெயர் லக்ஷன்.

நான் போய் எடுத்துவருகிறேன் என்றேன். ஜெகா கேட்கவில்லை. மூன்று பேரும் பஸ்ஸில் போனோம்.

லக்ஷன் வீட்டு விறாந்தையில் அது நின்றது. அதன்மேல் இரண்டு துவாயும் ஒரு மழைக்கோட்டும் காய்ந்துகொண்டிருந்தன. கொரோனாக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியதாம், இரண்டு வருடமாக அதில் ஏறவில்லையாம்.

"ஆருக்கு அண்ணை? மகன் ரேஸ் ஓடுறாரோ?"

"மனுசிக்கு."

ஜெகா அதற்குள் நிலத்தில் குந்தி, உருளையைக் கையால் சுழற்றிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னோடு இருந்து பழகிய பழக்கம். எழும்பும்போது பாவாடை விலகியது, பெடியன் பொய்க்காலைக் கண்டான். முகம் மாறியது.

"அக்காவுக்கெண்டால் விலையைக் குறைக்கிறன்."

"காலுக்காகக் குறைக்காதேங்கோ, தம்பி," என்றாள். "ரெண்டு வருசம் துவாய் காயப்போட்டிருக்கிறீங்கள். அதுக்குக் குறையுங்கோ."

அவன் சிரித்துவிட்டான். முப்பதாயிரத்துக்குள் முடிந்தது, பஸ் காசும் மிஞ்சியது. சாதாரணச் சைக்கிளின் நட்டை இந்தச் சட்டம் கவ்வாது, வழுக்கும் என்று அவனே எச்சரித்தும் அனுப்பினான். அது என் வேலை. பட்டறையில் கிண்ணம்போல முனை வைத்த நீள நட்டு இரண்டு கடைந்தேன். சைக்கிள் ஸ்ராண்டைக் கழற்றினேன், அச்சை இறுக்கினேன். பிடித்து ஆட்டிப் பார்த்தால் சைக்கிள் தூண்போல நின்றது. முன்சில்லு ஆடாமல் இருக்க ஒரு பலகைக் கட்டையில் பள்ளம் தோண்டி அதற்குள் இருத்தினேன். என் வேலைகளில் எனக்கே பிடித்தது அந்தக் கட்டைதான்.

வைக்கிற இடத்தில்தான் சண்டை வந்தது. மழைக்கு வீட்டில் நாலு இடத்தில் ஒழுக்கு. ஒழுகாத, மட்டமான இடம் ஒன்றே ஒன்று, சாப்பாட்டு நெல்மூட்டைகள் அடுக்கியிருந்த சுவரோரம். சைக்கிளின் இடப்பக்கம் மூட்டைகளோடு ஒட்டிக்கொண்டது.

"ஏறுற பக்கத்தை அடைச்சுப்போட்டியள்," என்றாள் ஜெகா.

"மழை விட்டதும் மூட்டையை மாத்திறன். இப்போதைக்கு மற்றப் பக்கத்தாலை ஏறுமன்."

மாற்றவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று நாள் போனது. ஒவ்வொரு மூட்டையும் அறுபது கிலோ.

அவள் ஒவ்வொரு நாளும் விடிய ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் மிதித்தாள். முதல் கிழமை பொய்க்கால் பெடலில் நிற்கவில்லை. சைக்கிள் ரியூப்பை வெட்டி வார் கட்டித் தருகிறேன் என்றேன். "விழுந்தால் கால் சைக்கிளோடை போகும், நான் இஞ்சாலை போவன்," என்று மறுத்துவிட்டாள். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்காமல் நடுப்பகுதியைப் பெடலில் வைத்துப் பார்த்தாள். நின்றது. ஆனால் அந்தப் பாதத்துக்குப் பெடல் எங்கே நிற்கிறதென்று தெரியாதே. குனிந்து பார்த்தால் மட்டும்தான் தெரியும், றோட்டில் குனிந்து பார்த்துக்கொண்டு ஓடமுடியாது.

இதற்கு அவள் கண்டுபிடித்த வழி என்னை வெட்கப்படவைத்தது. நான் குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ட்ரெயினர் உறுமியது, ஒரு பெரிய உறுமல், ஒரு சின்ன உறுமல், ஒரு பெரியது, ஒரு சின்னது. ஒரு பக்கம் தேய்ந்த பம்பின் சத்தம். சின்ன உறுமல் இடது கால். அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். சின்னது பெரிதாகும் இடத்தைத் தேடினாள். தொடையிலிருந்து தள்ளினால் பெரிதாகிறது, இடுப்பை ஆட்டினால் சின்னதாகிறது. மார்கழி முழுவதும் இதே வேலை. பிள்ளையார் கதை படிக்கிற வீடுகளுக்குக்கூடப் போகவில்லை.

மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கையில் சத்தம் ஒன்றாகிவிட்டது. நான் பட்டறைக்கு வெளிக்கிட்டவன் வாசலில் அப்படியே நின்றேன். எது வலது, எது இடது என்று என் காதுக்குப் பிடிபடவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. இனி இவள் என் பின்னால் இருக்கமாட்டாள் என்ற நினைப்பு. பெரிய மனுசன் நினைக்கிற நினைப்பில்லை, ஆனாலும் நினைத்தேன்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானம் வெளித்திருந்தது, வாய்க்கால் றோட்டு காய்ந்து இறுகியிருந்தது. அடுத்த நாள் சிவலட்சுமி அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். சைக்கிளைச் சட்டத்திலிருந்து எடுத்து, ஸ்ராண்டைத் திரும்பப் பூட்டி, றோட்டுக்கு உருட்டிவந்தேன். நூறு யார் தூரம் போய், திரும்பி வருவது. அதுதான் கதை. நான் வலப்பக்கம் நின்று ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, அவள் ஏறுவதற்கு இடப்பக்கத்தை விட்டேன்.

அவள் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"தள்ளுங்கோ. நான் ஏறுற பக்கம் இது."

"இந்தப் பக்கத்தாலை ஆர் சைக்கிள் ஏறுறது?"

"ஒண்டரை மாசமா நான் ஏறுறன். நீங்கள் மூட்டையை எங்கை மாத்தினீங்கள்?" என்றாள். "இஞ்சை பாருங்கோ. ஊண்டி உன்னுறதுக்கு எனக்கு இருக்கிறது வலது கால். அண்டைக்கு நான் பொய்க்காலாலை எல்லோ உன்னினனான். அதுதான் விழுந்தனான்."

பெடலின் உயரம், சீற்றின் உயரம், பாதத்தின் வழுக்கல் என்று எதை எதையோ அளந்த நான், எந்தப் பக்கத்தால் ஏறுவது என்று ஒருநாளும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து எல்லோரும் இடப்பக்கத்தால் ஏறுவதைக் கண்ட கண். நான் பிடித்த முயலுக்கு மட்டுமல்ல, ஊர் பிடித்த முயலுக்கும் மூன்று கால்தான்.

அவள் வலது காலை நிலத்தில் ஊன்றி, பொய்க்காலை உள்ளே விட்டு, கையால் பாவாடையோடு சேர்த்துத் தூக்கிப் பெடலில் இருத்தினாள். ஒரு உன்னல். சைக்கிள் ஒருமுறை அங்கும் இங்கும் ஆடியது, பிறகு நேரானது. நான் கரியரைப் பிடித்தபடி இருபது யார் ஓடினேன். மூச்சு வாங்கியது, கை விட்டுப்போனது.

நூறு யாரில் திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவில்லை. இருநூறிலும் இல்லை. "ஜெகா, காணும், திரும்பும்," என்று கத்தினேன். மதகைத் தாண்டினாள். அதற்கப்பால் பூவரசுகளுக்குள் மறைந்தாள்.

ஓடிப்போய் மோட்டார் சைக்கிளை உதைத்தேன். கரி பிடித்த பிளக், இயங்கவில்லை. கழற்றித் துடைத்துப் பூட்டி உதைத்து, கால் மணித்தியாலம் போனது. ஊருக்கெல்லாம் இயந்திரம் திருத்துகிறவன் தன் பிளக்கைத் துடைத்து வைக்கவில்லை. போகும் வழியில் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே போனேன். தண்ணீர் கரை முட்ட ஓடியது. ஒரு இடத்தில் சிவப்பாக ஏதோ மிதந்தது, இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். வெறும் உரப் பை.

முன்பள்ளியில் தவணைக்கு முந்திய சிரமதானம் நடந்துகொண்டிருந்தது. நாலைந்து தாய்மார் புல் செருக்கினார்கள். சைக்கிள் வேலியில் சாய்ந்து நின்றது. ஜெகா பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்ன வேலை பாத்தனீர்? வாய்க்காலுக்குள்ளை தேடிக்கொண்டு வாறன். நூறு யாரிலை திரும்பிறதெண்டெல்லோ கதைச்சனாங்கள்?"

"திரும்பத் தெரியேல்லை," என்றாள்.

"தெரியேல்லையோ?"

"வீட்டுக்குள்ளை நான் ஹாண்டில் திருப்பிப் பழகேல்லையே. முன்சில்லு உங்கடை கட்டைக்குள்ளை எல்லோ கிடந்தது. இறங்கித் திருப்பினால் பேந்து ஏறுவனோ எண்டு பயமாக் கிடந்தது. றோட்டு நேராக் கிடந்தது. வந்திட்டன்."

சிவலட்சுமி அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தார். "வழி இருக்கோ எண்டு நான் கேட்டதுக்கு உங்கடை மனுசி வந்தே காட்டிப்போட்டா. வாற கிழமை ஏழரைக்கு. திறப்பைக் குடுத்திட்டன்."

ஜெகா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சிவப்பு நூல் கட்டிய திறப்பு, முன்பள்ளிக் கதவின் சாவி.

எனக்குக் கண் கலங்கியது, தூசு என்று சொல்ல றோட்டிலும் தூசு இல்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினேன்.

"வாரும், பின்னாலை ஏறும். களைச்சுப் போனீர். சைக்கிளைப் பேந்து வந்து எடுக்கிறன்."

அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"ஏற மாட்டன். சைக்கிளை மட்டும் திருப்பி விடுங்கோ."

வேலியிலிருந்து எடுத்து, வீட்டுப் பக்கம் பார்க்கத் திருப்பினேன். இந்தமுறை இடப்பக்கம் நின்று பிடித்தேன். அவள் மற்றப் பக்கத்தால் வந்து ஏறினாள், உன்னினாள், போனாள். மோட்டார் சைக்கிள் ஒரே உதையில் இயங்கியது. நான் முந்தவில்லை. முதலாம் கியரில், வீடு வரைக்கும், அவளுக்குப் பின்னால் வந்தேன்.